பழைய புல்லட்டுக்கு டைமிங் வைப்பது

நேயர்களுக்கு வணக்கம். திருவொற்றியூரில் உருவான பழைய 350 சிசி என்ஃபீல்டு புல்லட்டில், பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த வண்டிக்கு இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், வைப்பதைப் பார்ப்போம். கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம்பார்க்கிறதா? ஏற்றத்தில் இன்ஜின் தட்டுகிறதா? பெரும்பாலும் டைமிங் முந்தியிருக்கும். இழுவை குறைந்து, இன்ஜின் கொதித்து, சைலன்சர் குழாய் நீலம் பாய்ந்தால் பிந்தியிருக்கும்.

பலர் எடுத்த எடுப்பிலேயே பாயின்ட் பொருத்திய பிளேட்டைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பாயின்ட் இடைவெளி. கேம் (சுழன்று பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள பாகம்) பாயின்ட்டை முழுதாகத் திறந்திருக்கும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறந்து தீப்பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். டைமிங் வைத்தபின் இடைவெளியைத் தொட்டால், வைத்த வேலை அத்தனையும் வீண். பாயின்ட் முகம் குழி விழுந்து கருகியிருந்தால் பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கன்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஆட்டோ அட்வான்ஸ், அதாவது இன்ஜின் வேகம் கூடும்போது எடைகள் விரிந்து தீப்பொறியை முந்தவைக்கும் அமைப்பு. கேமை விரலால் திருகி விட்டால் ஸ்பிரிங் அதைச் சட்டென்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். எடைகள் துருப்பிடித்து விரிந்தபடியே நின்றால், எவ்வளவு கச்சிதமாக டைமிங் வைத்தாலும் கிக்கர் அடிக்கும்.

இனி பிஸ்டன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பிளக்கைக் கழற்றி, நான்காவது கியரில் பின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றுங்கள். டேப்பட் மூடியைத் திறந்து, வால்வைத் தள்ளும் கம்பிகளான இரண்டு புஷ்ராடும் விரலுக்குத் தளர்வாகச் சுழலும் கம்ப்ரஷன் உச்சியை (இரண்டு வால்வும் மூடியிருக்க, பிஸ்டன் மேலே எட்டும் இடம்) பிடியுங்கள். உச்சியை நெருங்கும்போது பிஸ்டன் அசைவதே தெரியாது, அதனால் கண்மதிப்பு ஏமாற்றும். பிளக் துளை வழியே பிஸ்டன் நகர்வை அளக்கும் டயல் கேஜ் வேண்டும். பிறகு சக்கரத்தை நன்றாகப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி முன்னோக்கி வந்து, உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்துங்கள். பின்னுக்குப் போய் வருவது டைமிங் பல்சக்கரங்களின் தளர்ச்சியை எடுக்கத்தான். பிளக் துளை சாய்வாக இருப்பதால் கேஜ் காட்டும் அளவு சற்றுப் பிசகலாம். கிராங்கில் கோணம் காட்டும் டிகிரி தட்டு மாட்டினால், இந்த 0.8 மில்லிமீட்டர் உச்சிக்கு முன் ஏறக்குறைய 10 டிகிரி.

பிஸ்டன் அங்கே நிற்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். விளக்குகளை அணைத்துச் சாவியைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருந்தால் ஹெட்லைட் மேலுள்ள, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்த கணமே நடுவுக்குத் திரும்பும். பிளேட்டின் இரண்டு திருகுகளைத் தளர்த்தி, கேம் சுழலும் திசையில் திருப்பினால் டைமிங் பிந்தும், எதிர்த் திசையில் முந்தும். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் பிளேட்டில் 1 டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி. ஆகவே மெல்லத் தட்டித்தான் நகர்த்த வேண்டும். பாயின்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள், காயில் சூடாகிவிடும். பேட்டரி சரியில்லையென்றால் பாயின்ட் நடுவே சிகரெட் தாளை வைத்து மெல்ல இழுங்கள். தாள் விடுபடும் இடமே திறக்கும் இடம்.

திருகை முறுக்கும்போது பிளேட் நகரும். முறுக்கியபின் சக்கரத்தைச் சுற்றி முள்ளை மறுபடி பாருங்கள். புதுப் பாயின்ட் போட்டிருந்தால் கேமில் துளி கிரீஸ் தடவுங்கள். கேமில் உரசும் பாயின்ட்டின் குதி தேய்ந்து படிய இடைவெளி சுருங்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஃபீலர் கேஜை மறுபடி எடுங்கள். நன்றி, வணக்கம்.