இரண்டரை லிட்டர் எருமை

[காட்சி: ஊட்டிக்கு வெளியே, விடிகாலை. புல்வெளி முழுக்க உறைபனி. தூரத்தில் ஆறு எருமைகள்.]

சத்தம் போடாம பாருங்க. நாம வந்தது அதுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆறும் தலையைத் தூக்கி இந்தப் பக்கமே பார்க்குது. இன்னும் நாலு எட்டு வெச்சா ஓடும், இல்லைன்னா முட்ட வரும். என் சிவப்பு ஸ்வெட்டருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. புது ஆள்னாலே ஆகாது, அவ்வளவுதான்.

இதுதான் தோடர் எருமை. நீலகிரியைத் தவிர வேற எங்கயும் இதுக்குச் சொந்த ஊர் கிடையாது.

[காட்சி: ஒரு எருமை, பக்கவாட்டில், நெருக்கமாக.]

கீழ் நாட்டு எருமை எப்படி இருக்கும்? கருகருன்னு, முடி கொட்டின உடம்போட, குளத்துச் சேறு காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு. இதைப் பாருங்க. கன்னா இருக்கும்போது மான் நிறம். வளர்ந்ததும் அந்த மான் நிறமோ, சாம்பல் நிறமோ. உடம்பு பூரா அடர்த்தியா முடி, இந்தக் குளிருக்கு அதுதான் கம்பளி. கால் குட்டை, மார்பு அகலம், உடம்பு நீளம். கொம்பு ரெண்டு பக்கமும் விரிஞ்சு போய் உள்ளே வளைஞ்சு நிக்குது. முன்னாடி நின்னு பார்த்தா மூணாம்பிறை.

இவ்வளவு உடம்பை வெச்சுக்கிட்டு எவ்வளவு பால் கறக்கும்? ஒரு ஈத்துக்கு, அதாவது கன்னு போட்டதுல இருந்து பால் வத்தற வரைக்கும், சுமார் 500 கிலோ. கறவை நாளைக் கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் பக்கம். பாலுக்குப் பேர்போன வடநாட்டு முர்ரா எருமை ஒரு ஈத்துக்கு 1,700 கிலோவைத் தாண்டும். அப்புறம் இதை யார் வளர்ப்பாங்க? எல்லாரும் கேக்கற கேள்விதான். நானும் கேட்டிருக்கேன்.

கணக்கை முழுசா எழுதிப் பார்ப்போம். தோடர் எருமைப் பாலில் கொழுப்பு சுமார் 8 சதவீதம். ஒரு ஈத்துக்கு 40 கிலோ கொழுப்பு. ஜெர்சிக் கலப்பு மாடு ஒன்னு 2,500 லிட்டர் கறந்து, அதுல 4 சதவீதம் கொழுப்புன்னு வெச்சுக்கோங்க. 100 கிலோ. ஆக, வரவுப் பக்கத்துல எருமை தோத்துப்போச்சு. மறைக்க ஒன்னுமில்லை. இப்ப செலவுப் பக்கத்துக்கு வாங்க. கலப்பு மாட்டுக்குக் கொட்டகை வேணும், மூட்டை மூட்டையா தவிடு, புண்ணாக்கு வேணும், சினை ஊசி, மடிநோய்னா மருந்து, காலையிலும் சாயங்காலமும் ஒரு ஆள். இந்த எருமை காலையில தானே கிளம்பிப் போகும், நாள் பூரா மலையில மேயும், பொழுது சாய்ஞ்சா தானே பட்டிக்கு வரும். மேய்க்கக்கூட ஆள் வேண்டாம். செலவுப் பக்கம் கிட்டத்தட்ட காலி. ஒரே ஒரு வரி மட்டும் இருக்கு: புல்.

அந்த ஒரு வரியிலதான் எல்லாம் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி, இது யாரு வீட்டு எருமைன்னு சொல்லிடறேன்.

[காட்சி: மந்து. அரைவட்டக் கூரை, தவழ்ந்து நுழையற அளவுக்குச் சின்ன வாசல்.]

நீலகிரிப் பழங்குடியான தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான். அவங்க ஊருக்குப் பேரு மந்து. ஓன்ங்கிற தெய்வம் எருமைகளை மண்ணுக்குள்ள இருந்து வெளியே கொண்டுவந்தாராம். கடைசி எருமையோட வாலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மனுஷன் வெளியே வந்தாராம். அவர்தான் முதல் தோடர். கவனிச்சீங்களா? எருமை முதல்ல, மனுஷன் அப்புறம்.

அவங்க கோயிலே பால் மனைதான். உள்ளே சிலை கிடையாது. பூசாரி பால் கறந்து, தயிர் கடைஞ்சு, வெண்ணெய் எடுக்கறாரு. அதுதான் பூசை. கோயில் எருமை வேற, வீட்டு எருமை வேற. வருஷத்துல சில நாள் எருமைக்கு உப்பு குடுக்கறது ஒரு சடங்கு. குழி வெட்டி, ஓடைத் தண்ணியை விட்டு, உப்பைக் கரைச்சு, மந்தையைக் கூப்பிடுவாங்க. பார்க்கச் சடங்கு. கால்நடை டாக்டர் பார்த்தா, மலைப் புல்லுல பத்தாத உப்பை ஈடுகட்டறாங்கன்னு சொல்வாரு. ரெண்டும் சரிதான்.

கூடலூர் நண்பர் ஒருத்தர்கிட்ட இந்த வீடியோவைப் பத்திச் சொன்னேன். "செலவில்லாம புல்லு தின்னு வளருது, அப்ப கறிக்கு வளர்க்க வேண்டியதுதானே?" அப்படின்னாரு. நியாயமான கேள்வி. தோடர்கள் பரம்பரையா பால், மோர், நெய்யில வாழ்றவங்க, கறி அவங்க அன்றாடச் சாப்பாட்டுல இல்லை. ஆனா இந்த மலையில எருமைக்கறியே இல்லாம போனதும் இல்லை. தோடர் சாவுக்கு எருமை பலி குடுப்பாங்க, செத்தவரோட அதுவும் மறு உலகத்துக்குப் போகணும்னு. முந்தி அந்தச் சாவுக்கு மேளமும் குழலும் வாசிக்க வந்தவங்க கோத்தர்கள், இதே மலையோட இன்னொரு பழங்குடி. பலி எருமையோட உடம்பு அவங்களுக்கு. கறியும் அவங்களுக்கு, தோலும் அவங்களுக்கு. பானையும் இரும்புச் சாமானும் கோத்தர் செஞ்சு குடுப்பாங்க, தானியம் இந்த மலையில விவசாயம் பண்ற படகர்கிட்ட இருந்து வரும், நெய் தோடர்கிட்ட இருந்து போகும். காசு நடுவுல வராத சந்தை. 20-ம் நூற்றாண்டு நடுவுக்குள்ள அது கலைஞ்சுபோச்சு.

இப்ப கறிக்குன்னு வளர்த்தா? சட்டம் ஒரு பக்கம்: 1958-ம் வருஷத்துத் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள எருமையும் வருது. 10 வயசு தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது, இல்லைன்னா காயம், ஊனம், தீராத நோயால நிரந்தரமா ஆகாமப்போச்சுன்னு சான்று இருந்தாத்தான் வெட்ட முடியும். அதைவிடப் பெரிய தடை, கிடா இல்லாதது. ஒரு மந்துக்குப் பத்து இருபது எருமை, அதுலயும் நல்ல பொலிகிடா அரிது. இருக்கற ஒரே கிடா தன் மகளையே சேரும். அப்படி நாலு தலைமுறை போனா என்ன ஆகும்னு ஆடு வளர்த்தவங்களுக்குக்கூடத் தெரியும். இப்போதைக்குக் கிடாக்கன்னைக் காப்பாத்தறதுதான் வேலை, கறிக்கடைக்கு அனுப்பறது இல்லை.

[காட்சி: சீகை (வாட்டில்) மரக் காடு. கீழே தரை வெறுமை.]

சரி, புல்லுக்கு வருவோம்.

1819-ல கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்தப்போ பார்த்தது, பள்ளத்துல சோலைக் காடும் மேட்டுல புல்வெளியுமா இருந்த மலை. அப்புறம் வெள்ளைக்காரங்க "சும்மா கிடக்குது"ன்னு நினைச்சது புல்வெளியைத்தான். அதுல தேயிலை போட்டாங்க, உருளைக்கிழங்கு போட்டாங்க, கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் நட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் நடவு நிக்கலை. சீகை நிழல்ல புல்லு வராது. இந்தத் தரையைப் பாருங்க, சருகு மட்டும்தான். எருமைக்கு இது பாலைவனம்.

முந்தி தை மாசி வறட்சியில மந்தையை மேற்கே, முக்கூர்த்திப் பக்கம், ஈரம் இருக்கற மேய்ச்சலுக்கு ஓட்டிக்கிட்டுப் போவாங்க. பனியில கருகின பழைய புல்லுக்குத் தீ வெச்சா, மழை விழுந்ததும் பச்சைத் தளிர் வரும். இப்ப முக்கூர்த்தி தேசியப் பூங்கா, தீ வைக்கத் தடை. புலியும் இருக்கு. அதை நான் குறை சொல்லலை, ஆனா மேய்ச்சல் சுருங்கினது நிஜம்.

உறைவிந்து எடுத்துத் திரவ நைட்ரஜன்ல வெச்சா இனம் பிழைக்கும்னு சொல்றவங்க இருக்காங்க. வைக்கட்டும், நல்லதுதான். ஆனா அந்தக் கன்னு பிறந்து எங்க மேயும்? கொட்டகையில கட்டித் தீவனம் போட்டீங்கன்னா மறுபடியும் ரெண்டரை லிட்டர் கணக்குத்தான், அதுவும் நஷ்டக் கணக்கு. இந்த எருமையோட லாபமே புல்வெளியிலதான் இருக்கு. சீகையை வெட்டி வேரோட எடுத்த இடத்துல புல்லு திரும்ப வர வருஷங்கள் ஆகும். நடுவுல ஸ்காட்ச் புரூம் மாதிரி முரட்டுப் புதர் முந்திக்கும். அதைப் பிடுங்கிக்கிட்டே இருக்கணும்.

[காட்சி: அதே மந்து, மாலை ஐந்தரை. மஞ்சு இறங்குகிறது.]

மணியும் இல்லை, கூப்பிடறதும் இல்லை. மஞ்சுக்குள்ள இருந்து ஒன்னொன்னா வருது பாருங்க. முன்னாடி வர்றது தாய், பட்டிக்குள்ள கன்னு கத்துது. பால் கறக்கறது ஆம்பளைங்க வேலை. அந்தக் காலத்து மூங்கில் குழாய்க்குப் பதிலா இப்ப எவர்சில்வர் தூக்கு. முதல்ல கன்னை விடறாரு. அது குடிச்சுப் பால் இறங்கினதும் இழுத்துக் கட்டிட்டுக் கறக்கறாரு.

தூக்குல முக்கால் லிட்டர் இருக்கும். நிறுத்திட்டாரு. கயித்தை அவுத்துவிட்டதும் கன்னு மறுபடி மடிக்கு ஓடுது.