பறக்கும் ரயிலுக்கு முன்னால்

வணக்கம், நேயர்களே. சென்னை நகரப் போக்குவரத்து என்றால் இப்போது பலரும் மெட்ரோவிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் 1895-க்குப் போகிறேன். இந்தியாவின் முதல் மின்சார டிராம் அந்த ஆண்டில் இங்குதான் ஓடத் தொடங்கியது. முதலில் சாலைக்கடியில் பதித்த தடத்திலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். நம் பருவமழைக்கு அது தாக்குப்பிடிக்காததால் மேலே கம்பி இழுக்க வேண்டியதாயிற்று. 1953 ஏப்ரலில் டிராம் நின்றுபோனது.

நகரத்தின் வடிவத்தையே மாற்றியது, 1931 மே மாதத்தில் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) மின்சார ரயில்தான் என்பது என் கருத்து. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், நீராவி ரயிலைப் போலக் கடைசி நிலையத்தில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டியதில்லை. வந்த வண்டி சற்று நேரத்தில் அப்படியே திரும்பிப் புறப்படும். நிலையத்தில் கார்டு இருமுறை மணியடிக்க, ஓட்டுநர் பதில் மணி கொடுத்த பின்பே வண்டி நகரும். சேத்துப்பட்டு, கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை என நிலையங்கள் கடைத்தெருவுக்கும் வீடுகளுக்கும் நடக்கும் தூரத்தில் அமைந்ததால், சீசன் டிக்கெட் எடுத்தவர்கள் தாம்பரம் பக்கம் குடிபோய், கடற்கரை நிலையத்துக்கு அருகிலுள்ள பாரிமுனையில் வேலை பார்ப்பது சாத்தியமாயிற்று. 2004 ஜூலையில்தான் இந்தத் தடத்தில் கடைசி மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடி முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அகலப்பாதை.

1995-இல் சேப்பாக்கம் வரை வந்த, தூண்கள் மேல் அமைந்த பாதையில் ஓடும் பறக்கும் ரயிலின் கதை வேறு. நிலம் கையகப்படுத்தும் தொல்லையைக் குறைக்கப் பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே தூண்கள் எழுப்பினார்கள். செலவு குறைந்திருக்கலாம், ஆனால் கால்வாய்க் கரைக்கு யார் நடந்து வருவார்கள் என்று யோசிக்கவில்லை போலும். திருமயிலை நிலையம் அரண்மனை போல விரிந்து கிடந்தும், கூட்டம் சேரப் பல ஆண்டுகள் ஆயின. 2007-இல் வேளச்சேரியை எட்டிய பிறகே ஐ.டி. அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் அதில் ஏறத் தொடங்கினார்கள்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை சுமார் 5 கிலோமீட்டர் நீட்டித்தால் புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் என்ற கணக்கில் 2008 வாக்கில் தொடங்கிய வேலை, கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளில் பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது.