காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?

நேயர்களுக்கு வணக்கமுங்க. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரொம்பக் காலம் வேலை பார்த்தவன் நான். காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது, என்றைக்கு ஆரம்பித்தது என்றுதான். பேரும் வயதும் அப்புறம்.

டெங்குக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையில் சில சொட்டு ரத்தம் விட்டு, கால் மணி, இருபது நிமிடத்தில் முடிவு சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் கர்ப்பம் பார்க்கும் அட்டையும் இதே வகைதான். உள்ளே இருக்கிற வெள்ளைப் பட்டையில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி நீர் ஊர்ந்து போகும். வழியில் பெரும்பாலும் தங்கத் துகள்கள் காத்திருக்கும், நிஜத் தங்கம்தாங்க, அவ்வளவு நுண்ணிய பொடியானால் தங்கம் சிவப்பாகத் தெரியும். அதில் ஒட்டியுள்ள எதிர்ப்புப் புரதம் கிருமியின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு போய் ‘டி’ என்ற இடத்தில் சிக்கிக்கொள்ள, கோடு விழுகிறது. மங்கலாக விழுந்தாலும் விழுந்ததுதான். ‘சி’ கோடு, அட்டை ஒழுங்காக வேலை செய்ததா என்பதற்கு. அது வராவிட்டால் அட்டை செல்லாது, ‘டி’யில் என்ன தெரிந்தாலும் செல்லாது.

சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிற ஒருவர் வந்தார். வேறிடத்தில் பார்த்த அட்டையில் ‘சி’ மட்டும். “இல்லீன்னு வந்துருச்சுங்க, காச்சலும் உட்டுருச்சு, தறிக்குப் போலாமுங்களா?” என்கிறார், கை வயிற்றைப் பிடித்தபடியே இருக்கிறது. என்றைக்கு ஆரம்பித்தது என்றேன். மூணு நாள் என்றார். வீட்டுக்காரம்மா விடவில்லை: “பாவு பிணைச்ச அன்னைக்கே ஒடம்பு கொதிச்சுதுங்க, அது ஆச்சு ஒரு வாரம்.” அங்கேதான் விஷயம். அவருக்குப் பார்த்தது என்எஸ்1 மட்டும். அது வைரஸின் சொந்தப் புரதம், முதல் நாளிலிருந்து ஐந்து நாள் வாக்கில் நன்றாகப் பிடிபடும், பிறகு குறைந்துவிடும். அதன்பின் உடம்பு தயாரிக்கிற ஐஜிஎம் என்கிற எதிர்ப்புப் புரதத்தைத் தேட வேண்டும். தேடினோம், கோடு விழுந்தது. அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்து தொடங்குகிற நேரம்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ‘இல்லை’ என்று வந்தால், எத்தனையாவது நாள் பார்த்தது என்று கேளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்கிறார்கள், சரி. குப்பையில் போட்ட அட்டையை மறுநாள் எடுத்துப் பார்க்காதீர்கள், காய்ந்த பிறகு வருகிற கோட்டுக்கு அர்த்தமில்லை. டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் போதும், வேறு வலி மாத்திரை வேண்டாம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் அட்டைக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கமுங்க.