விரல் நுனியில் மேகம்

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

சமவெளியில் மேகம் என்பது அண்ணாந்து பார்க்கும் பொருள். நம் மலையில் அப்படியில்லை. ஏரிக்கரையில் நடப்பவரின் கன்னத்தைத் தொடும், ஜன்னலைச் சாத்த மறந்தால் வீட்டுக்குள் வரும், கொடியில் காயும் துணியை நனைக்கும். கண்ணை மூடியிருந்தாலும் மேகம் வந்துவிட்டது என்று இங்கே குழந்தைகூடச் சொல்லிவிடும். அதனால்தான் ‘ராஜ பார்வை’ படத்தின் ஒரு பாடல் நமக்குக் கூடுதல் நெருக்கமாக இருக்கிறது.

சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய அந்தப் படம் 1981 ஏப்ரலில் வெளிவந்தது. கமல்ஹாசனுக்கு அது 100ஆவது படம். பார்வையற்ற வயலின் கலைஞன் ரகு, நான்சி என்ற பெண்ணின் அழகைத் தொட்டும் கேட்டும் அறிந்து வியக்கும் பாடல்தான் ‘அழகே அழகு’. இசை இளையராஜா, குரல் யேசுதாஸ், வரிகள் கண்ணதாசன். கூந்தலை மேகத்துக்கு ஒப்பிடுவது நம் கவிதையில் மிகப் பழைய வழக்கம். இரண்டும் கருமை என்பதால் வந்தது. பார்வையில்லாதவனுக்குக் கருமை எதற்கு? இந்தப் பாட்டில் நான்சியின் கூந்தலைப் பாடும்போது கவிஞர் அந்தப் பழைய உவமையை விடவும் இல்லை, அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. மேகத்தின் நிறத்தை விட்டு அதன் குளிர்ச்சியை ரகுவின் விரலில் வைத்துவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். கடைசிக் காலத்திலும் ஒரு கதாபாத்திரத்தின் உடலுக்குள் புகுந்து எழுதியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அதே படத்தின் ‘அந்திமழை பொழிகிறது’ பாடல் வைரமுத்து எழுதியது. ஒவ்வொரு துளியிலும் உன் முகம் தெரிகிறது என்கிறது பல்லவி. கண் தெரியாதவன் முகத்தை எப்படிப் பார்ப்பான் என்று சிலர் கேட்பதுண்டு. மழை முதலில் நம் தோலின் மேல்தானே விழுகிறது! விரலால் முகம் அறிந்தவனுக்கு ஒவ்வொரு துளியும் ஒரு தொடுதல். நான் அந்த வரியை அப்படித்தான் கேட்கிறேன்.

இந்தக் காதலில் இரக்கத்துக்கு இடமில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது. ரகு ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்துத் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்பவன். கோபமும் ரோஷமும் உள்ளவன். நான்சி எழுதும் ஆர்வத்தில் அவனை நெருங்குகிறாள். அவன் உலகம் எப்படி இயங்குகிறது என்பதை அவனிடம்தான் அவள் கற்க வேண்டியிருக்கிறது. பார்வையற்றவரைத் திரையில் காட்டினால் அழவைக்க வேண்டும் என்று இன்றும் நினைப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கட்டும்.

நான்சியின் தாத்தாவாக வருபவர் எல்.வி. பிரசாத். 1931இல் வந்த முதல் இந்தியப் பேசும் படமான ‘ஆலம் ஆரா’விலும், அதே ஆண்டு வந்த ‘காளிதாஸ்’ படத்திலும் நடித்தவர். குடும்பமே எதிர்த்து நிற்கும்போது காதலர் பக்கம் நிற்கும் அந்தக் கிழவரின் குறும்பு படத்துக்குப் பெரிய பலம். பின்னர் 1987இல் ஐதராபாத்தில் தொடங்கிய கண் மருத்துவ நிறுவனம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

படம் அன்று வசூலில் தோற்றது. ஆனால் பாடல்களை வானொலி கைவிடவில்லை. பார்வையற்ற நேயர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவாக அவற்றைக் கொண்டு சேர்த்தது வானொலிதான்.

இப்போது நிலையத்தார் ‘அந்திமழை’யை ஒலிபரப்பப் போகிறார்கள். வசந்தா ராகம். எஸ்.பி. பாலசுப்ரமணியம், ஜானகி குரல்களோடு டி.வி. கோபாலகிருஷ்ணனின் குரலும் இருக்கிறது. தேர்ந்த கர்நாடக வித்துவானின் ஆலாபனை காதல் பாட்டுக்குள் எவ்வளவு இயல்பாக வந்து உட்காருகிறது என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.