புழுவிலிருந்து வந்த குளவி புதிய இனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "கம்பளிப்புழு ஒன்றைப் பாட்டிலில் போட்டு வளர்த்தேன். அந்துப்பூச்சி வரும் என்று காத்திருந்தால் புழு செத்துவிட்டது, அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் குட்டிக் கூடுகள். சில நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கறுப்புக் குளவிகள் வந்தன. இணையத்தில் எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. இது புதிய இனமா? புதியது என்றால் நானே பெயர் வைக்கலாமா?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களிடம் இருப்பது சாதாரண மாதிரி இல்லை. வலையில் சிக்கிய குளவி எந்தப் புழுவைத் தின்று வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, உங்கள் குளவியைப் பற்றி உங்களுக்கு அது தெரியும். அருங்காட்சியகப் பெட்டிகளில் இருக்கும் எத்தனையோ ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இந்த ஒரு தகவல்தான் இல்லை.

ஆனால் படம் கிடைக்கவில்லை என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. இக்நியூமோனிடே என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் 25,000 இனங்களுக்கு மேல் பெயர் பெற்றிருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இணையத்தில் நல்ல படம் ஒன்றுகூட கிடையாது. பழைய ஆய்விதழில் நாலு வரி எழுத்தாகவும், எங்கோ ஒரு பெட்டியில் ஊசி குத்திய ஒற்றை உடலாகவும்தான் அவை இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஜிரால்ட் என்ற ஆய்வாளர் ஒருவரே, பெரும்பாலும் கால்சிட் என்ற வேறொரு சிறு குளவிக் குழுவில், 3,000 இனங்களுக்கு மேல் விவரித்தார், பலவற்றுக்கு அவர் எழுதியது சில வரிகள்தான். இன்றைக்கு அந்தக் குழுவில் யார் வேலை செய்தாலும் அவர் பார்த்த அதே மாதிரியை எடுத்துப் பார்க்காமல் தாண்ட முடியாது.

அப்புறம், வந்த குளவி அந்தப் புழுவைத்தான் தின்றதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைக் கூடு கட்டும் குளவியைத் தின்னவே இன்னொரு குளவி வரும், ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி. ஒரே பாட்டிலில் இரண்டும் கலந்து வெளியே வருவது ரொம்ப சகஜம். காலியான கூடுகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கூடு கட்டியதே வெளியே வந்திருந்தால் பெரும்பாலும் ஒரு முனையை மூடி போல வட்டமாக வெட்டித் திறந்திருக்கும். மற்றது வந்திருந்தால் பக்கவாட்டில் எங்கேயாவது கரடுமுரடாகக் கடித்த ஓட்டை இருக்கும். இதைக் கவனிக்காமல் 'இந்தப் புழுவை இந்தக் குளவி தாக்குகிறது' என்று அச்சில் வந்துவிட்டால், பிறகு வருகிறவர்கள் எல்லாரும் அதையே எடுத்து எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பிராகோனிடே குடும்பம், அதிலும் மைக்ரோகாஸ்ட்ரினே என்ற துணைக்குடும்பமாக இருக்க நல்ல வாய்ப்பு. உணர்கொம்பின் கணுக்களை அடியிலிருந்து எண்ணுங்கள், 18 வர வேண்டும். வேறு எண் வந்தால் நாம் தப்பான வாசலில் நிற்கிறோம். பிறகு முன்னிறக்கை நரம்புகள், நடுவுடலின் பின்பகுதியில் இருக்கும் புரோபோடியம் என்ற தகடு சொரசொரப்பா, வழவழப்பா, நடுவே ஒரு வரப்பு ஓடுகிறதா, வயிற்றின் முதல் தகடு பின்னால் போகப் போக விரிகிறதா, ஒடுங்குகிறதா, முட்டையிடும் ஊசியின் உறை எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் பேரினம் வரை வந்துவிடலாம். வெளிச்சம் நேராக விழுந்தால் அந்தத் தகடு வெறும் பளபளப்பாகத்தான் தெரியும். விளக்குக்கும் பூச்சிக்கும் நடுவில் ஒரு டிரேசிங் தாளை வளைத்து வையுங்கள், வரப்பும் குழியும் அப்படியே எழுந்து நிற்கும்.

பேரினம் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை. அந்தப் பேரினத்தில் பெயர் பெற்ற இனங்களை, குறைந்தது நெருங்கிய உறவுகளையாவது, ஒவ்வொன்றாக எடுத்து 'இது அது இல்லை, ஏனென்றால் இது' என்று சொல்ல முடிய வேண்டும். புதிய இனத்தை விவரிப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். குளவியை மட்டும் அழகாக வர்ணித்து இரண்டு பக்கம் எழுதிவிட்டு, பக்கத்து இனத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்று சொல்லாத கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அடுத்து வருகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதில் நானே தவறியிருக்கிறேன். ஒரு தொகுதியில் உணர்கொம்புக் கணுக்கள் நீளத்தைவிட அகலமாக இருந்தன, அதை வைத்தே புதிது என்று நம்பி மாதக்கணக்கில் எழுதினேன். அந்தக் குளவிகள் எல்லாமே ஒரே புழுவுக்குள் நெருக்கியடித்து, சாப்பாடு போதாமல் சிறுத்து வளர்ந்தவை. உடல் சிறுத்தால் இந்த விகிதங்களும் மாறும். வேறு புழுக்களிலிருந்து பெரிய குளவிகள் கிடைத்தபோது வேறுபாடு மறைந்துவிட்டது, அது ஏற்கெனவே பெயருள்ள இனம்தான். அதனால்தான் கேட்கிறேன், ஒன்றோடு நிற்காதீர்கள், பல புழுக்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகச் சேர்த்து வையுங்கள்.

ஆண் ஏன் முக்கியம் என்பதற்கு பிற பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் ட்ரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிகளைச் சொல்லலாம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிகள். முன்பு நிறத்தையும் அளவையும் வைத்துப் பிரித்தார்கள், வெப்பநிலை மாறினால் நிறமே மாறிவிடும், எல்லாம் குழப்பம். ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை வைத்து இனங்களைப் பிரிக்கலாம் என்று 1971இல் நாகர்கட்டியும் நாகராஜாவும் எடுத்துக்காட்டிய பிறகுதான் அந்தப் பேரினம் கைக்கு அடங்கியது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தொற்றியிருந்தால் சில வம்சங்களில் பெண் மட்டுமே பிறக்கும், பார்ப்பதற்கு ஆணே இருக்காது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மறுபடியும் ஆண்கள் பிறக்கின்றன.

டிஎன்ஏ பார்த்தால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். பார்கோடு என்கிற 658 எழுத்து நீளத் துண்டு பெரிய உதவிதான், மறுக்கவே மாட்டேன். கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே காட்டில் வளர்த்தெடுத்த மைக்ரோகாஸ்ட்ரினே குளவிகளை உருவத்தை வைத்து 171 இனம் என்று பிரித்திருந்தார்கள். பார்கோடும் எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற தகவலும் சேர்ந்ததும் அது 313 ஆனது, இது 2008இல் வெளியானது. ஆனால் 2021இல் 403 பிராகோனிட் இனங்களைப் பெரும்பாலும் பார்கோடை மட்டும் வைத்தே விவரித்தபோது துறைக்குள் பெரிய விவாதம் நடந்தது. அவர்களுடைய அவசரம் எனக்குப் புரிகிறது, பெயர் வைப்பதற்குள் காடே அழிந்துவிடும் என்கிறார்கள். இருந்தாலும் நூறு வருடத்துக்கு முந்தைய மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுப்பது எப்போதும் முடிகிற காரியம் இல்லை, வயலில் நிற்கிறவர் கையில் லென்ஸ்தான் இருக்கும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வேறுபாட்டையாவது தேடி எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவு கறாராக ஏன் பார்க்க வேண்டும் என்றால், கலிபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைச் சிவப்புச் செதில்பூச்சி நாசமாக்கிக்கொண்டிருந்தது. ஆசியாவில் அதைத் தாக்கும் அஃபிட்டிஸ் குளவிகளைப் பார்த்தவர்களும் இது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் இனம்தானே என்று தவறாக எண்ணி விட்டுவிட்டார்கள், அதிலேயே பல பத்தாண்டுகள் போயின. வேறு இனங்கள் என்று தெரிந்து 1940களின் கடைசியிலும் 1950களிலும் அவற்றைக் கொண்டுபோய் விட்ட பிறகே அங்கே பூச்சி அடங்கியது.

பெயர் வைப்பது பற்றி. விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு யாரிடமும் பட்டம் கேட்பதில்லை. பேரினமும் இனமுமாக இரண்டு சொல் பெயர், 'புதிய இனம்' என்ற வெளிப்படையான அறிவிப்பு, வேறுபடுத்திக் காட்டும் சொற்கள், அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒரே ஒரு உடலை ஹோலோடைப் என்று குறித்து அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்ற தகவல், இவை கட்டாயம். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் வேண்டும், அது 2012இல் வந்த திருத்தம். தன் பெயரையே வைக்க விதியில் தடை இல்லை, ஆனால் அப்படிச் செய்வது வழக்கமில்லை. அந்தக் குழுவில் வேலை செய்யும் ஒருவரோடு சேர்ந்து எழுதுங்கள், கண்டெடுத்தவர் என்ற முறையில் இணை ஆசிரியராக உங்களைச் சேர்ப்பதுதான் நியாயம், அதைத் தயங்காமல் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: குளவிகளை 95 சதவீத எத்தனாலில் போடுங்கள், காய்ந்தால் தலையும் வயிறும் சுருங்கிவிடும். தேதி, இடம், புழு எந்தச் செடியில் இருந்தது என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி அதே குப்பிக்குள் போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். காலிக் கூடுகளையும் காய்ந்த புழுவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தனிக் குப்பியில் வைத்து அதே எண்ணை எழுதுங்கள். அதே செடியில் அதே மாதிரிப் புழுக்கள் இன்னும் சில கிடைத்தால் வளர்த்து ஒன்றையாவது அந்துப்பூச்சியாக வரவிடுங்கள், புழு என்ன இனம் என்பதை அது வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.