எண்ணிக்கையில் கரைந்த கிரீன்லாந்து

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நாடு பெரிய கூட்டமைப்பு ஒன்றில் சேரப்போகிறது என்றால், அந்த நாட்டு மக்களில் எத்தனை சதவீதம் பேர் ஆதரிக்கிறார்கள் என்று செய்திகளில் சொல்வார்கள். அந்த நாட்டுக்குள் வாழும் பூர்வகுடிகள் என்ன சொன்னார்கள் என்று தனியாகக் கேட்பது அபூர்வம். அப்படிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை கிரீன்லாந்தில் பார்க்கலாம்.

1972 அக்டோபரில், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரலாமா என்று டென்மார்க் பொது வாக்கெடுப்பு நடத்தியது. மொத்தத்தில் 63 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த கிரீன்லாந்திலோ சுமார் 70 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அங்கே பெரும்பாலானவர்கள் இனுயிட் என்ற பூர்வகுடி மக்கள், பிழைப்பு கடலில். உறுப்பு நாடுகளின் பெரிய மீன்பிடிக் கப்பல்களுக்குத் தங்கள் கடல் திறந்துவிடப்படும் என்ற பயம் அவர்களுக்கு. நியாயமான பயம். ஆனால் அவர்களுடைய சில ஆயிரம் வாக்குகள் டென்மார்க்கின் லட்சக்கணக்கான வாக்குகளில் கரைந்துபோயின. 1973 ஜனவரி 1 அன்று கிரீன்லாந்தும் உள்ளே போனது.

ஃபாரோ தீவுகளும் டென்மார்க் அரசுக்கு உட்பட்டவைதான். அங்கேயும் மீன்தான் வாழ்வு. ஆனால் அவர்களுக்கு 1948-லேயே தன்னாட்சி கிடைத்திருந்தது. சேர்வதா வேண்டாமா என்பதை அவர்களால் தனியே முடிவு செய்ய முடிந்தது, வெளியிலேயே நின்றுவிட்டார்கள். கிரீன்லாந்தில் ஆலோசனை சொல்ல ஒரு சபை இருந்தது, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், அது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

அந்த மனக்கசப்பு தன்னாட்சிக் கோரிக்கைக்கு வேகம் கொடுத்தது. 1979-ல் தன்னாட்சி வந்தது, யோனத்தான் மோட்ஸ்ஃபெல்ட் முதல் அரசுத் தலைவரானார். 1982 பிப்ரவரியில் கிரீன்லாந்து தனக்கென்று வாக்கெடுப்பு நடத்தியது. மோட்ஸ்ஃபெல்ட்டின் சியுமுட் கட்சி விலக வேண்டும் என்றது. ஐரோப்பிய நிதியை இழக்கக் கூடாது என்று அட்டாஸுட் கட்சி வாதாடியது. விலகலாம் என்றவர்கள் 53 சதவீதம். பத்து ஆண்டுக்கு முன் எதிர்த்தவர்களைவிட இது குறைவு என்பதைக் கவனியுங்கள். இந்த முறை கிரீன்லாந்து மக்கள் தங்களுக்குள்ளேயே லாப நட்டம் பேசி முடிவெடுத்தார்கள். எனக்கு இந்த 53 சதவீதத்தின்மேல் அந்த 70 சதவீதத்தைவிட மதிப்பு அதிகம்.

வெளியுறவு அதிகாரம் டென்மார்க்கிடம்தான் இருந்தது. இருந்தும் அது அந்த முடிவை மதித்துப் பேச்சுவார்த்தை நடத்தியது. 1985 பிப்ரவரி 1 அன்று கிரீன்லாந்து வெளியேறியது. உறவு அறுந்துவிடவில்லை. ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே மீன் பிடிக்கப் பணம் தர வேண்டும், பதிலுக்கு கிரீன்லாந்து மீனுக்கு ஐரோப்பியச் சந்தையில் சுங்கவரி இல்லை. முன்பு கேட்காமலே திறந்துவிடப்பட்ட கடலுக்கு இப்போது விலை பேச முடிந்தது.

அடுத்த முறை ஐரோப்பா வடக்கே விரிந்தபோது கொஞ்சம் கவனமாக இருந்தார்கள். 1995-ல் ஸ்வீடனும் ஃபின்லாந்தும் சேர்ந்த உடன்படிக்கையில், அந்த இரண்டு நாடுகளிலும் நார்வேயிலும் வாழும் பூர்வகுடிகளான சாமி மக்களுக்கென்றே ஒரு தனி நெறிமுறை உண்டு. அவர்களுடைய பாரம்பரியப் பகுதிகளில் துருவ மான் மேய்க்கும் தனியுரிமையை அவர்களுக்கு வழங்கலாம் என்கிறது அது. நார்வே 1994 வாக்கெடுப்பில் சேர மறுத்துவிட்டது. அதனால் ஒரே சாமி இனத்தின் குறுக்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக்கோடு ஓடுகிறது என்பது வருத்தம்தான்.

2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கில் அலுவலகம் திறந்தது. கனிமங்கள் மீது உலகமே கண் வைத்திருக்கும் நேரம் இது. கிரீன்லாந்து திரும்பச் சேருமா என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. சேரட்டும், சேராமல் இருக்கட்டும். 2009-ன் சுயாட்சிச் சட்டம் கிரீன்லாந்து மக்களைச் சர்வதேசச் சட்டப்படி ஒரு தனி மக்களினம் என்று ஏற்றிருக்கிறது. இனி அவர்களுடைய வாக்குகளை வேறு எவருடைய வாக்குகளோடும் கலந்து எண்ணக் கூடாது. நன்றி, வணக்கம்.