குடுவை பழுப்பாகக் கலங்கிய நாள்

வணக்கம். பல்லடத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன்; இடையில் தறிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேல்நிலை வகுப்பில் வேதியியல் படிக்கும் தம்பி, தங்கைகளுக்காக, மாதிரிச் செய்முறைத் தேர்வில் நான் செய்த தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

கரைசலில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளக்கும் சோதனை அது. 20 மில்லி பெர்ரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்புக் கரைசலைப் பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, அதே அளவு நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்து, அளவுக் குறியிட்ட குழாயான பியூரெட்டிலிருந்து, இரும்போடு வினைபுரியும் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். குலுக்கிய பிறகும் மறையாத வெளிர் இளஞ்சிவப்பே, வினை முடிந்ததைக் காட்டும் முடிவுநிலை. வேறு நிறங்காட்டி தேவையில்லை. பதற்றத்தில் நான் அமிலத்தைப் பெயரளவுக்குத்தான் விட்டேன். குடுவையில் இளஞ்சிவப்பு வரவில்லை, டீ வண்டல் போலப் பழுப்பாகக் கலங்கியது.

அந்தப் பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடு. அமிலம் போதுமான அளவு இருந்தால் பெர்மாங்கனேட்டிலுள்ள மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7இலிருந்து +2 வரை இறங்கும்; அதாவது அது 5 எலக்ட்ரான்களை ஏற்கும். இல்லாவிட்டால் +4இலேயே நின்றுவிடும். இரும்பு அயனி ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானைத்தான் தருகிறது என்பதால், 1 மோல் பெர்மாங்கனேட்டுக்கு 5 மோல் இரும்பு தேவை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறையான 158ஐ 5ஆல் வகுத்து 31.6 என்று நாம் மனப்பாடம் செய்யும் சமான எடையும் (ஒரு மோல் எலக்ட்ரானுக்கு ஈடான எடை) அங்கிருந்தே வருகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி குளோரைடைக் குளோரினாக்கச் செலவாகி அளவீடு கூடிவிடும். நைட்ரிக் அமிலமோ தானே இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து அளவீட்டைக் குறைத்துவிடும்.

இதற்கு வேண்டிய மோல் கணக்கும் ஆக்சிஜனேற்ற எண்ணும் பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்திலேயே இருக்கின்றன. நான் படித்த விடுதிப் பள்ளியில் அந்த வகுப்பை ஒப்புக்கு முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவினார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

விட்டதைப் பிடித்தது பெரியப்பாவின் சாயப்பட்டறையில். அங்கே பருத்தித் துணிக்குச் சாயத்தோடு முதலில் உப்பும், வெகுநேரம் கழித்துச் சோடாவும் போடுவார்கள். “சோடாவை ஏனுங்க பெரியப்பா பின்னால போடறீங்க?” என்று கேட்டேன். “முந்திப் போட்டாத் திட்டுத் திட்டா ஏறிக்கும் கண்ணு” என்றார். நீரில் பருத்தி இழையும் சாயமும் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. உப்பின் சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணிப்பதால் சாயம் இழையை நெருங்குகிறது. பிறகு வரும் சோடா செல்லுலோசின் ஹைட்ராக்சில் தொகுதிகள் சிலவற்றிலிருந்து புரோட்டானை நீக்க, அவை எலக்ட்ரான் இணையைக் கொடுத்துப் பிணையும் கருக்கவர் பொருளாகிச் சாயத்தோடு சகப்பிணைப்பை ஏற்படுத்துகின்றன. ஹாலோ ஆல்கேன் பாடத்தில் நாம் வெறும் அம்புக்குறிகளாக வரைந்த அதே கருக்கவர் பொருள்தான் இது.

உப்பு எதிலும் பிணையாததால் போட்டதெல்லாம் கழிவு நீரோடு வெளியேறுகிறது. நிறத்தைப் படியவைத்துப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. அது நொய்யல் ஆற்றில் சேர்ந்ததன் தொடர்ச்சியாகவே 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. இன்று அந்நீரை எதிர் சவ்வூடு பரவலுக்கு, அதாவது அழுத்தம் கொடுத்து நீரை மட்டும் சவ்வு வழியே கடத்தும் முறைக்கு உட்படுத்தி, எஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி உப்பை மீட்கிறார்கள். கரைசல்கள் பாடத்தைப் படிக்கும்போது சவ்வூடு பரவல் அழுத்தத்தை இந்த நீரை வைத்தே கணக்கிட்டுப் பாருங்கள்.